மழைக்கு ஒரு கொம்பு, வெயிலுக்கு ஒரு கொம்பு

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் பாலிஷ் பெட்டியைப் பட்டறைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் நான் பசியாறி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"பாக்கியம் அக்கா, பெட்டிக்குள்ள ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கு. அதுக்குள்ள கறுப்பா, சுண்டுவிரல் நீளத்துல ஒரு துண்டு. குப்பைதானே, வீசிடவா?"

"வீசித்தான் பாரேன். பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகுறேன்" என்றேன்.

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது எங்கள் பட்டறையில் மேசை நாற்காலியோடு, சுற்றுப்பயணிகளுக்கு விற்க யுகுலேலேவும் செய்கிறார்கள். நாலு தந்தி போட்ட குட்டி கித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தியைத் தாங்குகிற கட்டை தொழிற்சாலையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. ஒட்ட வேண்டும், காய வைக்க வேண்டும், அவ்வளவுதான். "உயரம் பார்க்கவே வேண்டாங்கா, எல்லாம் கச்சிதம்" என்று பெருமை வேறு. மழை நாளில் என்னடா செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார்கள். சம்பந்தம் இருக்கிறது, பிள்ளைகளே. உட்கார்ந்து கேளுங்கள்.

நான் மலாக்காவில் காஜா பெராங் பட்டறைக்குப் போனது பதினெட்டு வயதில். அப்பா அங்கே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கியதும் அவருடைய பாலிஷ் துணிப் பொட்டலம் என் கைக்கு வந்தது. இரண்டு வருடம் உப்புத்தாள் தேய்த்தேன், மூன்றாம் வருடம் அரக்குப் பாலிஷைத் தொட விட்டார்கள். அதற்கப்புறம் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நான் பாலிஷ் போட்ட மேசையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பட்டறையில் எங்களுக்கெல்லாம் மேலே மேஸ்திரி கைலாசம், மண்டோர் என்று கூப்பிடுவோம். காஜா பெராங்கிலேயே பல தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டி குடும்பம். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், நெற்றியில் திருநீறும் உண்டு. பேச்சு மட்டும் மலாய். அவர் பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழில் சொல்கிறேன். இரண்டே வார்த்தையை மட்டும் அப்படியே விடுகிறேன், ஏனென்றால் அதை மாற்றினால் அவர் அவராக இருக்க மாட்டார். "பெலான் பெலான்." மெதுவா, மெதுவா என்று அர்த்தம்.

அவர் யாரையும் கத்தித் திட்டி நான் கேட்டதில்லை. தப்பான வேலையைப் பார்த்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். பொருளை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, நாம் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். அந்தப் பாட்டைக் கேட்டால் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம். மரத்தைச் செதுக்கும்போது அவருக்கு ஒரே சட்டம்தான். ஒரு இழைப்பு இழைத்தால் உளியைக் கீழே வைக்க வேண்டும். பட்டறையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழைப்பு. எடுத்தது திரும்ப வராது என்பார். எங்கள் தச்சர் செல்லையா அண்ணன் ஆடுகிற மேசையைச் சரிசெய்கிறேன் என்று சுற்றாமல் கொள்ளாமல் நாலு காலையும் மாற்றி மாற்றி அறுத்து, கடைசியில் மேசை மணைக்கட்டையாகிப் போன கதை பட்டறையில் ரொம்பப் பிரபலம்.

இந்த மண்டோருக்கு இன்னொரு முகம் இருந்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒரு குரோஞ்சோங் குழு. பிடில், புல்லாங்குழல், யுகுலேலே எல்லாம் வைத்துக்கொண்டு மலாய்ப் பாட்டு வாசிப்பார்கள். கல்யாணம் காட்சி என்றால் அவர்கள் இல்லாமல் நடக்காது. யுகுலேலே மண்டோருடையது. நாள் முழுக்க வாய் திறக்காத மனிதர், அதைக் கையில் எடுத்தால் தோள் ஆடும், புருவம் ஆடும், காது கூட ஆடும்!

அந்தக் கைக்குத்தான் அடிபட்டது. என்னால்.

மெர்டேக்கா வந்த வருடம், அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். செமாபோக்கில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெரிய அலமாரி ஒன்று போக வேண்டியிருந்தது. பாலிஷ் போட்ட பிறகு மெழுகு பூசித் துடைப்பது வழக்கம். ஆனால் தூக்குகிறவர்கள் கை பிடிக்கிற அடிவிளிம்பில் மெழுகு படக்கூடாது. இது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்குத்தான் மேதாவித்தனம் ஆச்சே, அடியிலும் மின்னட்டும் என்று பூசித் தேய்த்துவிட்டேன். லோரியில் ஏற்றும்போது வழுக்கிவிட்டது. அலமாரிக்கும் லோரிக் கதவுக்கும் நடுவே மண்டோரின் இடது கை.

எலும்பு கூடிவிட்டது. நடுவிலுள்ள இரண்டு விரலிலும் மட்டும் பலம் வரவில்லை. வேட்டி முடிச்சுப் போடக்கூட வலது கைதான் வேலை செய்யும். டாக்டர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். மண்டோர் அதைப் பக்கத்து வீட்டு நாய்க்கு எறிந்து விளையாடினார். பழைய யுகுலேலேவை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏன் வழுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வந்தால்தானே!

மெர்டேக்கா நெருங்கியபோது ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தில் மாலை நேரம் எல்லா இனத்தாரும் ஆடல் பாடல் என்று ஏற்பாடு. மண்டோரின் குழுவுக்கும் இடம் கிடைத்தது. ஒரு நாள் மதியம் மண்டோர் வீட்டம்மா சோற்றுக் கூடையோடு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உஜோங் பாசிர்ல நல்லா வாசிக்கிற ஆள் ஒருத்தர் இருக்காராம். இவரால முடியலன்னா அவரைக் கூப்பிடணும்னு குழுவுல சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. இவர் என்ன சொல்றார் தெரியுமா? நான் பெஞ்சு தூக்கிப் போடறேன், போதும்ங்கறார்." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரே செல்லையா அண்ணனிடம் போனேன். "அண்ணே, ஒரு யுகுலேலே செய்யணும். குருவி உட்கார்ந்தாக்கூடத் தந்தி அழுந்தணும்."

"நமக்கு நாற்காலி செய்யத் தெரியும். யுகுலேலேக்கும் கால் வைக்கவா?" என்றார். கிண்டல் ஒரு பக்கம் இருக்க, அன்றைக்கே தேயிலைப் பெட்டி ஒன்றைப் பிரித்துவிட்டார்.

மண்டோர் கண்ணில் படாமல் பலகை அடுக்குக்குப் பின்னால் வேலை நடந்தது. உடம்புக்குத் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை. கழுத்துக்குக் கட்டில் சட்டத்தில் மிஞ்சிய துண்டு. விரல் வைக்கிற இடத்தில் பித்தளைக் கம்பியைக் கோடு கோடாகப் பதித்தோம். தந்திக்கு மீன்பிடிக்கிற நைலான் நூல். குதிரை மட்டும் என் பொறுப்பு. குதிரை என்றால் ஓடுகிற குதிரை இல்லை. உடம்பின் மேல் ஒட்டி, தந்தியைத் தூக்கிப் பிடிக்கிற கட்டைக்கு நம் வீணைக்காரர்கள் வைத்த பெயர் அது. நாற்காலிக் காலில் ஒரு துண்டு எடுத்துச் செதுக்கினேன். குதிரை முதுகில் ஒரு பள்ளம். பள்ளத்தில் கொம்புத் துண்டு ஒன்றை நிறுத்தி, அதன் மேல் தந்தி போக வேண்டும். கொம்புக்கு எங்கே போவது? என் கொண்டையில் இருந்தது எருமைக் கொம்புச் சீப்பு. பல்லையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு முதுகை மட்டும் எடுத்துக்கொண்டேன். அம்மா ஒரு வாரம் திட்டினாள்.

முதல் கூத்தைக் கேளுங்கள். நான் பாலிஷ்காரி இல்லையா, குதிரை ஒட்டுவதற்கு முன்னாலேயே உடம்பு முழுக்க ஏழு தரம் பாலிஷ் போட்டுவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த மினுமினுப்பின் மேலேயே வச்சிரப் பசை தடவிக் குதிரையை ஒட்டினேன். மறுநாள் தந்தியை முறுக்கினோம். மூன்றாவது தந்தி இறுகும்போது 'டப்'பென்று ஒரு சத்தம். குதிரை நிஜக் குதிரையாகவே பாய்ந்து போய் செல்லையா அண்ணனின் தேத்தண்ணிக் கிளாசுக்குள் விழுந்தது!

"பாக்கியம், சர்க்கரை போதும், குதிரை வேண்டாம்" என்றார் அண்ணன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வச்சிரம் மரத்தைத்தான் பிடிக்கும், பாலிஷைப் பிடிக்காது. அலமாரியை வழுக்கவிட்ட அதே மினுக்குப் புத்தி இங்கேயும் வந்து நின்றது. எந்த இடத்தைச் சும்மா விட வேண்டும் என்று தெரியாதவள் என்ன பாலிஷ்காரி? குதிரை உட்காரும் இடத்தை அளந்து, அந்த அளவுக்கு மட்டும் பாலிஷைச் சுரண்டி, பச்சை மரம் தெரிய வைத்து, மறுபடி ஒட்டி, கனமான கட்டையை மேலே கட்டி இரண்டு நாள் தொடாமல் வைத்தேன். அது இன்றைக்கு வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்வேன்.

இரண்டாவது தொல்லை, உயரம். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு பித்தளைக் கோடு இருக்கும். அதுதான் தந்தியின் சரிபாதி. அங்கே தந்திக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு தீக்குச்சி ஒன்றின் மேல் ஒன்றாக நுழைந்தது. அவ்வளவு உயரத்தில் இருந்தால் நல்ல விரலே நோகும், அழுத்தினால் சுருதியும் ஏறிவிடும். ஒரு தீக்குச்சிதான் நுழைய வேண்டும். சரி, ஒரு குச்சி கனத்தைக் கொம்பின் அடியில் தேய்த்து எடுத்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். தேய்த்தேன், பட்டறையைச் சுற்றினேன், தேய்த்தேன், சுற்றினேன். சரியாக ஒரு குச்சி எடுத்தாச்சு. தந்தியை மாட்டிப் பார்த்தால் ஒன்றரை குச்சி நுழைகிறது! மீதிப் பாதி எங்கே போனது? பேய் தின்றதா?

மறுநாள் காலை மண்டோர் என்னைக் கூப்பிட்டார். ஒரு நீளப் பலகையை ஒரு முனை தரையில், மறுமுனை இரண்டு செங்கல் மேல் இருக்கும்படி சரிவாக வைத்திருந்தார்.

"பலகைக்கு நடுவில ஏறி நில்" என்றார். நின்றேன். மறுமுனையிலிருந்து ஒரு செங்கல்லை உருவினார். பலகை இறங்கியது.

"நான் ஒரு செங்கல் எடுத்தேன். நீ எவ்வளவு இறங்கினே?"

யோசித்தேன். "அரைச் செங்கல், மண்டோர்."

"ம்" என்றார். செங்கல்லை எடுத்துக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி போய்விட்டார்.

எனக்கு மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தந்தியின் ஒரு முனை கழுத்து உச்சியில் நிலையாக நிற்கிறது. குதிரை முனையில் எவ்வளவு குறைத்தாலும் நடுவில் பாதிதான் இறங்கும். நடுவில் ஒரு குச்சி குறைய வேண்டுமானால் குதிரையில் இரண்டு குச்சி எடுக்க வேண்டும். ஓடிப்போய் செல்லையா அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, மண்டோருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு!"

"தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு வாரமா பட்டறை முழுக்கத் தேயிலை வாசம் அடிக்குது."

இன்னொரு குச்சி எடுத்தேன். கொம்பில் இடம் போதாமல் குதிரை முதுகையும் கொஞ்சம் இழைக்க வேண்டியிருந்தது. ஒரு தீக்குச்சி சரியாக நுழைந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய விரலை நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினால் இன்னும் சுலபமாக இருக்குமே! சுற்றவும் இல்லை, ஒன்றும் இல்லை, அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். மாட்டித் தட்டினால் தந்தி பித்தளைக் கோட்டில் இடித்து 'ஙொய்'யென்று வண்டு மாதிரி இரைகிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

எடுத்தது திரும்ப வராது. சீப்பு முதுகின் மறுபாதியில் புதிதாக ஒரு கொம்பு செய்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சுற்று. அன்று நான் பட்டறையைச் சுற்றியதைக் கோயிலில் சுற்றியிருந்தால் கேட்ட வரமெல்லாம் கிடைத்திருக்கும். ஒரு தீக்குச்சி, அரைமயிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கெட்டுப்போன முதல் கொம்பை வீச மனம் வரவில்லை, என் சீப்பாயிற்றே. ஊக்கு போட்டு வைக்கிற மூக்குப்பொடி டப்பாவில் அதையும் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் யுகுலேலேவை மண்டோரின் மேசையில் வைத்தோம். எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். போச்சு, திரும்ப வைத்துவிட்டுப் பாடப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைக்கவில்லை. இடது கை கழுத்தைப் பிடித்தது. நடுவிரல் இரண்டும் தந்தியில் இறங்கின, நடுங்கின, அழுந்தின. 'ஜல்' என்று ஒரு சத்தம். இன்னொரு தரம். அப்புறம் தோள் ஆடியது. புருவம் ஆடியது. செல்லையா அண்ணன் என் விலாவில் இடித்து, "காதைப் பாரு, காதைப் பாரு!" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை மண்டோர் குழுவுக்குச் சரி என்று பதில் சொல்லிவிட்டார்.

மெர்டேக்கா கொண்டாட்டத்தன்று மைதானத்தில் எள் போட இடமில்லை. சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள், எல்லோர் கையிலும் சின்னக் கொடி. மதியத்திலிருந்து மழை தூறிக்கொண்டே இருந்தது. அது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நாங்கள் மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் நின்றோம். அடுத்தது மண்டோரின் குழு. அவர் தந்தியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"அழுந்த மாட்டேங்குது" என்றார்.

தீக்குச்சியை நுழைத்துப் பார்த்தேன். ஒன்றரை! தேயிலைப் பெட்டிப் பலகை மழை ஈரத்தைக் குடித்து அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பலகை எழும்பினால் குதிரை எழும்பும், குதிரை எழும்பினால் தந்தி எழும்பும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. செல்லையா அண்ணன் பேனாக்கத்தியை எடுத்து, "கொடுங்க, கொம்பைச் சீவிடறேன்" என்று பாய்ந்தார்.

"பெலான் பெலான்" என்றார் மண்டோர். மேடையில் எங்கள் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். அந்த மனிதர் அப்போதும் பெலான் பெலான்!

அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அன்றைக்கு அளவுக்கு மீறித் தேய்த்த கொம்பு. வெயிலில் அது ரொம்பத் தணிவு. இந்த மழையில்? கைப்பையைக் கொட்டினேன். டப்பாவைத் திறந்தேன். ஊக்குகளுக்கு நடுவே என் தப்பு பத்திரமாகக் கிடந்தது.

தந்தியைத் தளர்த்தி, கொம்பை மாற்றி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். நைலான் நூல் லேசில் நிற்காது, முறுக்க முறுக்க நழுவும். நல்லவேளை, மேடையில் பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர் "கடைசியாக ஒன்று சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார். கடைசியாக ஏழு விஷயம் சொன்னார். அவர் நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மண்டோர், அன்னிக்கு அலமாரி வழுக்கினது என்னாலதான். அடியில மெழுகு பூசினேன்."

"தெரியும்" என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது. "தெரியுமா? கோவம் வரலையா?"

"வந்துச்சு. ரொம்ப வந்துச்சு." ஒரு தந்தியைத் தட்டிச் சுருதி பார்த்தார். "ஆனா என்ன மினுக்கு! கை மாட்டிக்கிட்டுக் கத்தறேன், என் மூஞ்சி கத்தறது அதுல அப்படியே தெரியுது."

நான் சிரித்த சிரிப்பில் மேடையில் பேசியவரே திரும்பிப் பார்த்தார். ஆறு மாதம் நெஞ்சில் கிடந்த கல் அந்தக் கூடாரத்திலேயே விழுந்துவிட்டது. தீக்குச்சியை நுழைத்தேன். சரியாக ஒன்று.

அவர் வாசித்ததை நான் என்ன வர்ணிப்பது! மழையில் நனைந்துகொண்டே ஜனங்கள் கை தட்டினார்கள். உஜோங் பாசிர் யுகுலேலேக்காரர் கூட்டத்தில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாக விசில் அடித்தார்.

அதற்கப்புறம் நாற்பது வருடம் என் கையால் எத்தனையோ வாத்தியத்துக்குப் பழுது பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கித்தார், கோயில் ஆர்மோனியப் பெட்டி, ஒரு பாதிரியாரின் பிடில். குதிரையில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் வானத்தைப் பார்ப்பேன். எந்த அலமாரிக்கும் அடிவிளிம்பில் மெழுகு பூசினதில்லை.

மண்டோரின் யுகுலேலேக்கு வெயில் கொம்பு, மழைக் கொம்பு என்று பேரே வந்துவிட்டது. ஒன்று குதிரையில் இருக்கும், மற்றது என் டப்பாவில். வானம் கறுத்தால் பட்டறைக்குக் கொண்டுவந்து நீட்டுவார், நான் மாற்றிக் கொடுப்பேன். "மண்டோர் யுகுலேலேவோட வராரு, துணியை எடுங்க" என்று எதிர்வீட்டுப் பெண்கள் கொடியிலிருந்து துணியை எடுக்க ஓடுவார்கள்.

இப்படியே ஒரு வருடம் போனது. ஒரு நாள் காலையிலிருந்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மண்டோர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தது வெயில் கொம்பு. முந்தின வாரத்து மழைக்கு மாற்றிய மழைக் கொம்பு குதிரையிலேயே இருந்தது.

"ஏற்கனவே மழைக் கொம்புதானே மண்டோர் இருக்கு?" என்றேன்.

"அதை எடுத்துட்டு வெயில் கொம்பைப் போடு."

"இந்த மழையிலயா? தந்தி உயர்ந்துடுமே!"

"உயரட்டும்."

மாற்றிக் கொடுத்தேன். தீக்குச்சி ஒன்றரை நுழைந்தது. அவர் வாங்கிக்கொண்டார். நடுவிரல் இரண்டும் இறங்கின. நடுங்கவில்லை. ஒரு பாட்டு முழுக்க வாசித்து முடித்துவிட்டு, இடது கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். இரண்டு விரல் நுனியிலும் காய்ப்பு ஏறியிருந்தது. டாக்டர் கொடுத்த பந்து செய்யாததை இந்த நாலு நூல் செய்துவிட்டது.

அந்த மழைக் கொம்புதான் டப்பாவில் இருக்கிறது, பிள்ளைகளே. எந்த மழைக்கும் அவர் அதைக் கேட்டுத் திரும்ப வரவே இல்லை.